கால் பக்கத்து மூச்சு

அவள் மூச்சை உள்ளே இழுத்தபோது, யாரோ வெளியே விட்டார்கள்.

அவள் படுத்திருந்த கண்ணாடிக் குழாய்க்குள் ஆக்சிஜன் நிறையும் சத்தமாக இருக்கும் என்று முதல் வாரம் நினைத்திருந்தாள். ஆனால் அந்தச் சத்தம் தலைமாட்டில், ஒரே சீராகச் சீறிக்கொண்டிருக்கும். இதுவோ கால்மாட்டில், அவள் பாதங்களுக்கு அப்பால், ஒரு தலையணைகூடக் கொள்ளாத இடத்தில், ஈரமாக, ஏறி இறங்கி, அயர்ந்து தூங்குகிறவரின் மூச்சைப் போல இருந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அதுவும் நின்றது.

"காது அடைக்குதாக்கா? மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ஊதுங்க" என்றான் டெக்னீஷியன், ஸ்பீக்கரில்.

"ஒண்ணுமில்ல தம்பி. நல்லாத்தான் இருக்கு."

எந்தப் பரிசோதனையிலும் அகப்படாத வலி அவளுக்கு. தோளில் தொடங்கி முதுகில் இறங்கும். துணி உரசினாலும் எரியும். "சாப்பிடறப்ப மட்டும் வலி லீவு போட்டுடும் போல" என்று மாமியார் சமையலறையில் முணுமுணுப்பதும் அவள் காதில் விழும் அளவுக்குத்தான் இருக்கும். மகளைத் தூக்கி இடுப்பில் வைக்க முடியாமல் போனதுதான் எல்லாவற்றையும்விடக் கொடுமை. அழுத்தம் கூட்டிய குழாய்க்குள் ஆக்சிஜனைச் சுவாசித்தால் சிலருக்குக் குறைகிறது, உறுதி சொல்ல முடியாது, பார்க்கலாம் என்றார் டாக்டர். உள்ளே பயமாக இருந்தால் உடனே சொல்ல வேண்டும், நிறுத்திவிடலாம் என்றும் சொன்னார்.

அவள் சொல்லவில்லை. ஏனென்றால் வலி குறைந்தது. போன வாரம் மகளைத் தூக்கினாள். "அம்மா தூக்கிட்டாங்க! அம்மா தூக்கிட்டாங்க!" என்று குழந்தை வீடு முழுக்க ஓடியது. கால்மாட்டில் எது மூச்சு விட்டால் என்ன?

இன்று கணவன் மகளையும் அழைத்து வந்திருந்தான். குழாய்க்கு வெளியே நின்று, மீன் தொட்டியைக் காட்டுவதுபோல் காட்டிக்கொண்டிருந்தான். டெக்னீஷியன் ஒரு முறை கண்ணாடியைத் தட்டிக் காட்டினான். ஸ்பீக்கர் வேலை செய்யாவிட்டால் உள்ளே இருப்பவர் அப்படித் தட்டுவதுதான் வழக்கம்: ஒரு தட்டு என்றால் நன்றாக இருக்கிறேன், இரண்டு என்றால் அழுத்தத்தை இறக்கு. இறக்கச் சொன்னாலும் கதவை உடனே திறக்க முடியாது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறக்க வேண்டும்.

காது கனத்தது. காற்று வெதுவெதுப்பானது. வலி நகரத் தொடங்கியது.

எப்போதும் அப்படித்தான். தோளிலிருந்து இடுப்புக்கு, இடுப்பிலிருந்து முழங்காலுக்கு, பிறகு உள்ளங்கால் வழியாக வெளியே. அதுதான் சிகிச்சை என்று நம்பியிருந்தாள். இன்றுதான் கவனித்தாள். கால்மாட்டு மூச்சு உள்ளே போகும்போதெல்லாம் வலி ஒரு சாண் இறங்கியது.

உறிஞ்சுவதைப் போல.

கடைசித் துளி வலியும் போயிற்று. உறிஞ்சுவது நிற்கவில்லை.

பாதங்கள் மரத்தன. முழங்கால்கள். படுக்கை விரிப்பின் சொரசொரப்பு தொடைக்குத் தெரியவில்லை. பிறகு இடுப்பு இருப்பதே தெரியவில்லை.

"தம்பி" என்றாள். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

"எப்படி இருக்குக்கா?" என்றான் அவன், திரையைப் பார்த்தபடியே.

"சுகமா இருக்குப்பா. இன்னும் கொஞ்சம் ஏத்தேன்."

அவள் குரல். அவள் சொல்லவில்லை. கால்மாட்டிலிருந்து வந்தது.

"ஆகா, அக்கா பழகிட்டாங்க" என்று அவன் சிரித்தான். "சார், பேசாம வீட்டுக்கே ஒண்ணு வாங்கிப் போட்டுடுங்க."

"நான் எங்கய்யா படுக்கறது?" என்றான் கணவன்.

இரண்டு தட்டு. இரண்டே தட்டு. மார்மேல் கிடந்த கைகளைத் தூக்கப் பார்த்தாள். யாருடைய கைகளோ போலக் கிடந்தன.

டொக்.

கால்மாட்டில். ஒரே ஒரு முறை.

டெக்னீஷியன் திரும்பாமலே கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். சீறல் கூடியது. கழுத்துவரை ஒன்றுமில்லை. கண்களும் அந்த மூச்சும் மட்டும். ஏறியது. இறங்கியது. இப்போது அவள் நெஞ்சும் அதன் தாளத்தில்தான்.

மகள் கண்ணாடியருகே வந்தாள். இந்தப் பக்கம் பாரு. அவள் கண்களால் கத்தினாள். அம்மா இங்க இருக்கேன்டி. இங்க.

மகள் அவள் முகத்தைக் கடந்து போனாள். மார்பைக் கடந்தாள். முழங்காலைக் கடந்தாள். பாதங்களுக்கும் அப்பால் போய் நின்று, முகம் மலர்ந்தாள்.

"அம்மா, வெளிய வந்ததும் என்னைத் தூக்கணும்."

"தூக்கிக்கிறேன்டா செல்லம்."

மகள் உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்தாள். உள்ளேயிருந்து, மெல்ல, ஒரு கை எழுந்தது. ஒவ்வொரு குட்டி விரலுக்கும் நேராகத் தன் விரல்களைப் பொருத்திக்கொண்டது.