அரிச்சந்திரன் சொன்ன பொய்

போன் அலறியது.

குட்டிம்மாவுக்கு மாத்திரை பிரித்துக்கொண்டிருந்தவள், போனைத் தோளில் இடுக்கிக்கொண்டாள்.

"மேடம், என் கம்ப்யூட்டரை ஏன் இப்படி அசிங்கப்படுத்துறீங்க?"

பல் டாக்டர்! கோபத்தில் மூச்சு வாங்கியது.

"என்ன ஆச்சு டாக்டர்?"

"தினம் முப்பது வேலை அனுப்புவீங்க. இன்னிக்கு ஒண்ணே ஒண்ணு! 'நம்பகமில்லாத கம்ப்யூட்டர்'னு சிவப்புல வேற எழுதியிருக்கு. நான் பல்லைத்தான் புடுங்குவேன் மேடம்... பொய் சொல்ல மாட்டேன்!"

"பார்த்துட்டுச் சொல்றேன் டாக்டர்..."

அவள் நடத்துவது ஒரு தர்மகாரியம். வீடுகளிலும் கடைகளிலும் சும்மா கிடக்கும் கம்ப்யூட்டர்களை இரவல் வாங்கி, மருந்து தேடும் கணக்கைத் துண்டு துண்டாக அனுப்புவாள். இந்த மூலக்கூறு நோயை மடக்குமா? 'ஆம்', 'இல்லை' என்று பதில் வரும்.

ஒரே துண்டு இரண்டு இடத்துக்குப் போகும். பதில்கள் ஒத்துப்போனால்தான் ஏற்பாள். உளறுகிற கம்ப்யூட்டருக்கு வேலை குறையும். பிசகாமல் சொல்லிவந்தால் வேலை கூடும். இரண்டாவது ஆள் சரிபார்க்கவும் வேண்டாம். எப்போதாவது ஒரு திடீர் சோதனை, அவ்வளவுதான்.

தேடுவது யாருக்காக? அந்த நோய் குட்டிம்மாவின் ரத்தத்தில் இருந்தது. பெற்ற மகள்!

சர்வரைத் திறந்தாள்.

திடீர் சோதனையில் ஒரு துண்டு டாக்டருக்குப் போயிருந்தது. அவர் பதில் 'ஆம்'. அரிச்சந்திரனின் பதில் 'இல்லை'.

அரிச்சந்திரன்... அவள் தம்பியின் கம்ப்யூட்டர் சென்டரில் இருக்கும் ராட்சச மெஷின். முதல் நாளிலிருந்து தப்பே செய்யாததால் எல்லோரும் வைத்த செல்லப்பெயர். அதனுடன் யார் முரண்பட்டாலும் அரிச்சந்திரன் சொன்னதே வேதம். அவளே எழுதிய விதி!

சந்தேகம் வரவில்லை. டாக்டரின் மனசு ஆறட்டும் என்றுதான் அந்தத் துண்டைத் தன் மெஷினில் ஓட்டினாள்.

'ஆம்!'

அரிச்சந்திரன் தள்ளிவிட்ட பழைய துண்டுகளை ஓட்டினாள். இல்லை... இல்லை... இல்லை... எல்லாம் சரி. அடுத்தது?

'ஆம்!'

கெட்டுப்போன மெஷின் தாறுமாறாக உளறும். இது நல்லதை மட்டும் பொறுக்கி மறைத்திருக்கிறது. மெஷினுக்கு அவ்வளவு புத்தி கிடையாது.

மனுஷனுக்கு உண்டு!

தம்பி... குட்டிம்மாவைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவன். தாய்மாமன்!

அழுதாள். அழுதுகொண்டே கீபோர்டைத் தட்டினாள்.

மறுநாள் மதியம் சென்டருக்குப் போனாள். மாணவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள்.

"வாக்கா! குட்டிம்மா எப்படி இருக்கா?"

"அவ பேரை உன் வாயால சொல்லாதே! 'ஆம்'னு வந்ததை எல்லாம் யாருக்குடா வித்தே?"

தம்பியின் சிரிப்பு செத்தது. போய்க் கதவைத் தாழிட்டான்.

"மெதுவா பேசு... ஒரு மருந்து கம்பெனிக்கு."

"எந்தக் கம்பெனி?"

"குட்டிம்மா இப்போ சாப்பிடுற மாத்திரையைச் செய்யுற கம்பெனிதான்."

ஒரு நப்பாசை அவளுக்குள் எட்டிப் பார்த்தது. "அப்போ... புது மருந்தைச் செய்யப் போறாங்களா?"

"நோய் தீர்ந்துட்டா மாத்திரையை யாருக்கா வாங்குவா? உரிமையைப் பதிவு பண்ணிட்டு, மருந்தைப் பூட்டி வச்சுடுவாங்க. நாளைக்குப் பதிவு."

"பாவி... நம்ம குழந்தைடா!"

"அவளை மறப்பேனா? ஆயுசுக்கும் ஓசி மாத்திரைன்னு பேசியிருக்கேன்க்கா... அவளுக்கு மட்டும்!"

பளார்!

அறைந்த கை அவளுக்கே எரிந்தது.

"கூடப் பிறந்தவன்னுதானேடா சோதிக்காம விட்டேன்! வேலியே பயிரை மேஞ்சுடுச்சே!"

தம்பி கன்னத்தைத் தடவிக்கொண்டு சிரித்தான்.

"யார்கிட்ட வேணும்னாலும் சொல்லு. யார் நம்புவா? உன் சர்வரே எனக்கு நற்சான்று கொடுக்குது!"

அவன் செல்போன் அலறியது. எடுத்தான். மறுமுனையில் போட்ட கூச்சல் அவளுக்கே கேட்டது.

"யோவ்! ரகசியம்னுதானேய்யா வித்தே? அந்த மூலக்கூறெல்லாம் ஊருக்கே தெரியுதே! இனி எதைய்யா பதிவு பண்றது?"

தம்பி வெளிறினான். "அக்கா... என்ன பண்ணினே?"

"காலையிலேர்ந்து அரிச்சந்திரனுக்கு ஒரு வேலையும் வரலையே... கவனிச்சியா?"

"சர்வர் மக்கர் பண்ணுதுன்னு நினைச்சேன்..."

"சர்வர் இல்லடா, நான்! நேத்தே அவன் பட்டத்தைப் பிடுங்கிட்டேன். அவன் 'இல்லை'ன்னு சொன்ன அத்தனை துண்டையும் மறுபடி எல்லாருக்கும் அனுப்பினேன். ராத்திரியெல்லாம் ஊரே உட்கார்ந்து கணக்குப் போட்டுச்சு. வந்த 'ஆம்' எல்லாத்தையும் எங்க வலைப்பக்கத்துல போட்டாச்சு. ஊரறிஞ்ச சங்கதிக்கு எவனும் உரிமை கொண்டாட முடியாது. யார் வேணும்னாலும் மருந்து செய்யலாம்!"

கதவு தட்டப்பட்டது.

அவளே தாழை நீக்கினாள். இன்ஸ்பெக்டர்! காலையிலேயே அவரிடம் புகார் கொடுத்துவிட்டுத்தான் வந்திருந்தாள். பின்னால் பல் டாக்டர், கிளினிக்கைப் பூட்டிவிட்டு வேடிக்கை பார்க்க வந்திருந்தார்.

தம்பி அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "அக்கா... இந்த ஒரு தடவை என்னை நம்புக்கா!"

ஒரே தம்பி. கையை மெல்ல விடுவித்துக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

"இனிமே உனக்கு அந்தக் கவலையே வேண்டாம்டா... நீ போற ஜெயில்ல யாரும் யாரையும் நம்ப மாட்டாங்க. தினம் ரெண்டு வேளை தலையை எண்ணிடுவாங்க!"