வரி வரியாக

சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு நானும் புகழேந்தியும் அந்தப் பயிற்சி இல்லத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். காரைக்காலில் கடற்கரைச் சாலைக்குப் பின்னால், பிரெஞ்சுக்காரர் காலத்து வீடு. பக்கவாதம் வந்தவர்களுக்குப் பேசவும் நடக்கவும் பழக்கும் இடமாக மாற்றியிருந்தார்கள். உள்ளே ஃபினாயில் வாடை. அதற்கு அடியில், நனைந்த பழைய காகிதத்தின் வாடை.

எங்களிடம் இருந்தது கடைசி வருடப் பிராஜெக்ட்: கண் எங்கே பார்க்கிறது என்று கண்டுபிடிக்கும் கருவி. அதுவரை அது ஒருமுறைகூட ஒழுங்காக வேலை செய்ததில்லை. எங்கள் துறைத்தலைவரின் கண் மேசைக்கு அடியில் இருப்பதாகச் சொன்னது. அவர் மறுக்கவில்லை.

கட்டிலில் புகழின் அம்மா அல்லி. நெரவியில் நடவு வேலைக்குப் போகிறவர். இடது மூளையில் அடைப்பு. பேச்சும் வலது கையும் ஒரே காலையில் போய்விட்டன. நாம் சொல்வது புரிகிறதா என்று யாருக்கும் தெரியவில்லை. புரியவில்லை என்றால் பேச்சுப் பயிற்சி வீண். ஐந்து மணிக்கு வரும் டாக்டர், அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, காத்திருக்கும் அடுத்த ஆளைச் சேர்த்துக்கொள்வார்.

"கண்ணாலயாவது பதில் சொல்றாங்களான்னு பார்ப்போம்," என்றார் பயிற்சியாளர் நஜீபா.

லேப்டாப் திரையில் மாடு, குடம், படகு.

"அம்மா, மாடு எங்க இருக்கு, பாருங்க."

கண் அசையவில்லை. குடத்துக்கும் அசையவில்லை. புகழ் குனிந்து, "நம்ம மாடும்மா," என்றான். சொந்த மாட்டுக்கும் அசையவில்லை.

நஜீபா சேர்க்கைப் படிவத்தைப் புரட்டினார். "எட்டாவது படிச்சிருக்காங்கன்னு போட்டிருக்கே. ஒரு பத்தி வைங்க. சிலருக்குக் காது வழியா போகாதது எழுத்து வழியா போகும்."

உப்பளத்தைப் பற்றிய ஒரு பத்தியை வைத்தேன். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் முதல் வரியைத் தாண்டாத பத்தி.

கண் நகர்ந்தது.

படிக்கும் கண் வழுக்கிக்கொண்டு போகாது. தாவும், நிற்கும், தாவும். தாவுகிற நொடியில் மூளைக்கு எதுவும் தெரிவதில்லை. அந்த இருட்டை நமக்கே தெரியாமல் அது ஒட்டி மறைத்துவிடும். கண் நிற்கும் இடமெல்லாம் கருவி சிவப்புப் புள்ளி வைக்கும். அல்லியம்மாவின் புள்ளிகள் வரி வரியாக விழுந்தன. நீளமான சொல்லில் இரண்டு. வரி முடிந்ததும் அடுத்த வரியின் தலைக்கு ஒரே தாவல். ஏதோ ஒரு சொல் விளங்காததுபோல் பின்னால் போய், மறுபடி பார்த்து, முன்னால் வந்தது.

"மாஷா அல்லாஹ். நம்மளைவிட நல்லா படிக்கிறாங்க," என்ற நஜீபா, திரையைச் செல்போனில் படமெடுத்துக்கொண்டு அறிக்கை எழுதப் போனார்.

பிராஜெக்ட் பிழைத்துவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன். புகழ் என் சட்டையைப் பிடித்து வாசலுக்கு இழுத்தான்.

"அந்த எட்டாவது நான் போட்டதுடா. வெக்கமா இருந்துச்சு."

"அப்ப அஞ்சாவதா?"

"கைநாட்டுடா. எந்த பஸ்ஸுன்னு ஆளைக் கேட்டுத்தான் எங்கம்மா ஏறும். 'அ' கூடத் தெரியாது."

திரும்பிப் பார்த்தேன். லேப்டாப்பில் சார்ஜ் தீர்ந்து திரை அணைந்திருந்தது.

கறுப்புத் திரையில் அந்தக் கண் இன்னும் படித்துக்கொண்டிருந்தது.

இடமிருந்து வலம். தாவல். இடமிருந்து வலம்.

"கருவியில கோளாறுன்னு சொல்லுடா," என்றான் புகழ்.

கருவியும் அணைந்துதான் கிடந்தது.

"நஜீபாக்காகிட்ட சொல்லிடலாமா?" என்று கிசுகிசுத்தேன்.

அவன் தலையாட்டி மறுத்தான். "சொன்னா இன்னைக்கே கூட்டிட்டுப் போகச் சொல்லிடுவாங்க. அப்புறம் எப்பவுமே பேச்சு வராது." கட்டிலைப் பார்த்தான். "உள்ள எங்கம்மாவும் இருக்கும்ல?"



ஐந்து மணிக்கு டாக்டர் வந்தார். செல்போனில் புள்ளிகளைப் பார்த்தார். "மொழி அப்படியே இருக்கு. மூணு மாசம் வச்சுப் பார்ப்போம்." புகழின் தோளைத் தட்டிக்கொடுத்தார். புகழ் கும்பிட்டான்.

டாக்டரும் நஜீபாவும் போனபின் அவன் கட்டிலருகே மண்டியிட்டு முகத்தைக் கிட்டே கொண்டுபோனான்.

"இங்கயே இருக்கலாம்மா. பேச்சு வந்துடும்."

கண் திரையை விட்டு அவன் முகத்துக்கு வந்தது.

ஒரு முகத்தைப் பார்க்கிறவர்கள் முதலில் கண்ணைப் பார்ப்பார்கள். அப்புறம் வாயை. தாய் என்றால் கேட்கவே வேண்டாம்.

இந்தக் கண் நெற்றியின் ஓரத்தில் தொடங்கியது. இடமிருந்து வலம். ஒரு தாவல் கீழே. புருவம். இமை. மூக்கருகே ஒருமுறை பின்னால் போய், மறுபடி பார்த்து, முன்னால் வந்தது. உதடு. மோவாய்.

நின்றது.

"அம்மா?"

இனி வராது என்று சொல்லியிருந்த வலது கை, போர்வைக்கு அடியிலிருந்து வந்தது. ஆட்காட்டி விரலை நாக்கில் தொட்டு ஈரப்படுத்திக்கொண்டது. அவன் கன்னத்தின் ஓரத்தில் வைத்து, கசங்காமல், மெல்ல, முகத்தை அந்தப் பக்கம் திருப்பியது.

பிறகு கண் அவன் காதுக்கு மேலிருந்து தொடங்கியது.