பழைய களஞ்சியத்தில் ஒரு பெயர்

கிட்ட வாருங்கள், கண்ணுகளா. கதவைச் சாத்திவிட்டு உட்காருங்கள். கூப்பிட ஆளில்லாமல் போன ஒருவரின் கதை சொல்கிறேன்.

தன்யூப் ஆற்றின் பனிமூட்டம் ரூசே நகரத்து நூலகத்தின் ஜன்னல்வரை வந்து நின்ற பிற்பகல் அது. மேசைமேல் குற்றவியல் கலைக்களஞ்சியங்கள் இரண்டு. ஒன்று பழையது, ஒன்று புதியது. அலமாரியில் ஒன்றுக்குத்தான் இடம். மற்றது காகித ஆலைக்கு. ஒப்பிட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டியவள் நூலகர் ரூமியானா.

நூலகர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. தனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றை எடுத்து, எந்தப் புத்தகம் உண்மை பேசுகிறது என்று பார்ப்பார்கள். ரூமியானாவுக்குத் தெரிந்தது ஒரு கொலை வழக்கு. படகோட்டி ஒருவனைக் கொன்றதாக அவள் அப்பாவைப் பிடித்துப் போட்டார்கள். அவர் சிறையிலேயே செத்தார். அதற்குப் பிறகுதான் உண்மையான கொலைகாரன் ஒப்புக்கொண்டான். அப்பாவின் பெயரை அவள் இங்கே யாரிடமும் சொன்னதில்லை.

பழையது சொன்னது: ‘கொலைகாரன் ஸ்தாமென் கோலெவ்.’ அது அவள் அப்பாவின் பெயர்.

புதியது சொன்னது: ‘குற்றமற்ற ஒருவர் தண்டிக்கப்பட்டார்.’

அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. பழையதைத் தள்ளுவண்டியில் போட்டாள்.

“எந்தப் புத்தகத்துக்குக்கா ஆயுசு முடிஞ்சுது?” காபியோடு வந்த, உடன் வேலை செய்யும் பென்கா கேட்டாள்.

“கிழவனுக்குத்தான்.”

“அப்போ நம்ம டைரக்டரையும் அதே வண்டியில ஏத்திவிடு!” சிரித்துக்கொண்டே கீழே போய்விட்டாள்.

கூடம் அடங்கியது. எங்கிருந்தோ ஈரக் கம்பளி வாடை. துருப்பிடித்த இரும்பின் வாடை.

எதிர் நாற்காலி மெல்லப் பின்னால் நகர்ந்தது.

யாரும் இல்லை.

“ரூமா… என்னையுமா தூக்கிப் போடுற?”

சிறைக் கம்பிகளுக்கு இந்தப் பக்கம் நின்று அவள் அந்நாளில் கேட்ட அப்பாவின் குரல்.

“அது உங்கள கொலைகாரன்னு சொல்லுதுப்பா,” என்றாள்.

“சொல்லட்டும்மா. வேற எங்கயும் என் பேரு இல்லையே. கல்லறையில கூட வெறும் நம்பர்தான்.”

புத்தகத்தில் கோடு போட்ட வாசகனைக்கூட மன்னிக்காதவள் பேனாவை எடுத்தாள். புதியதில் ‘ஒருவர்’ என்பதை அடித்துவிட்டு அப்பாவின் பெயரை எழுதினாள். வாடை மெல்லக் கலைந்தது. பழையது ஆலைக்குப் போனது.

மறுநாள் பென்கா அந்தப் பக்கத்தைப் புரட்டினாள்.

“எவன்க்கா இப்படிக் கிறுக்கினது? ஸ்தாமென் கோலெவ்…”

ஆளில்லாத அலமாரிகளுக்கு நடுவிலிருந்து, சிறையில் பெயர் வாசித்து ஆஜர் எடுக்கும்போது கைதி எழுந்து சொல்வதைப்போல, ஒரு குரல்.

“இருக்கேன், ஐயா.”

உங்கள் வீட்டில் யாரும் கூப்பிட ஆளில்லாமல் போக வேண்டாம், கண்ணுகளா. பேர் சொல்லிக் கூப்பிட்டால், உயிரோடு இருப்பவர்களே ஏனென்று கேட்கட்டும்.