வாப்பா வாங்கிய ஓடாத ஜீப்

எங்கள் ஜீப் மாம்புரிக்கு ஓடி வரவில்லை. டிரக்டர் இழுத்த பெட்டியில் ஏறிச் சொகுசாக வந்தது.

அதற்குக் கூரை இல்லை. ஒரு பக்கக் கதவும் இல்லை. பச்சை நிறம் என்று வாப்பா சொன்னார். எனக்குக் கறள் பிடித்த இரும்புதான் தெரிந்தது. ஆனாலும் நான் வாசலில் நின்று துள்ளினேன். என்னுடைய பதினொரு வயதில் எங்கள் வீட்டுக்கு வந்த முதல் நாலு சக்கர வண்டி அது!

உம்மா துள்ளவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஜீப்பைச் சுற்றிப் பார்த்தார்.

“இது ஓடுமா?”

“ஓட வைக்கலாம்,” என்றார் வாப்பா.

“ஓடுமா எண்டுதான் கேட்டன்.”

“இப்ப ஓடாது, சுல்பா. அதாலதான் இந்த விலைக்குக் கிடைச்சது. படகுக்கார அல்பிரட் அண்ணன்ட ஜீப். மூண்டு வருசமா அவர்ட தென்னைமரத்துக்குக் கீழ கிடந்தது. டேங்க் கூட நிறைஞ்சு இரிக்கு. அதுக்கு ஒரு சதமும் எடுக்கல்ல. சும்மா தந்திட்டார்!”

‘சும்மா’ என்று சொல்லும்போது வாப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். பெருநாள் வந்துவிட்டது என்றே நினைப்பீர்கள்.

என் வாப்பா றஸீன், மீன்பிடிப் படகுகளின் எஞ்சின் திருத்துபவர். படகுகள் எல்லாம் மணலுக்கு அந்தப் பக்கம், கடற்கரையில் நிற்கும். வாப்பாவின் மோட்டர் சைக்கிள் பாதி வழியிலேயே மணலில் புதைந்து படுத்துவிடும். அதில் கருவிப் பெட்டிக்கும் என் அண்ணன் அஸ்ஹான் நானாவுக்கும்தான் இடம். நான் ஒவ்வொரு நாளும் வாசலில் நின்று கை காட்டுவேன். எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. எந்த ஸ்பேனர் சாவிக்கு எந்த நட் என்று நானாவை விட எனக்கு நன்றாகத் தெரியும்.

“ஜீப் ஓடினா நானும் கடற்கரைக்கு வரலாமா, வாப்பா?”

“ஜீப் ஓடினா உனக்கெண்டு ஒரு சீட், முஃபீதா. வாக்கு!”

உம்மா அதற்குள் தொலைபேசியைக் கையில் எடுத்திருந்தார்.

“வண்டியை இறக்கினது நான் மிளகாய் காயப்போடுற இடத்தில. வாற சனிக்கிழமை மிளகாய் பறிக்க ஆக்கள் வருவாங்க. அதுக்குள்ள ஓடினா இரிக்கட்டும். ஓடாட்டி தில்லையடி பழைய இரும்புக்காரன்ட லொறியில ஏத்தி அனுப்புவன்.”

சொன்னதோடு விடவில்லை. இரும்புக்காரரை அழைத்து, சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வரும்படி அப்போதே சொல்லிவிட்டார். உம்மா இப்படித்தான். அவர் சொல்லி முடிப்பதற்குள் காரியம் பாதி நடந்திருக்கும்.

எங்களுக்கு ஏழு நாள் இருந்தது.

முதல் நாள் சீட்டுக்கு அடியில் இருந்து மூன்று சாக்கு மணல் அள்ளினோம். அதோடு ஒரு நண்டும் வந்தது. நானா அலறிய அலறலில் பக்கத்து வீட்டு நாய் எழும்பிக் குரைத்தது. இரண்டாம் நாள் வாப்பா புதுப் பெட்டரி போட்டார். மூன்றாம் நாள் பிரேக் சரி செய்தோம். நான் சின்ன உடம்புக்காரி என்பதால் வண்டிக்கு அடியில் போகும் வேலை எல்லாம் எனக்கு. மூக்கு நுனிவரை கறுப்பாகி வெளியே வந்தேன். அவ்வளவு சந்தோசமாக நான் இருந்ததே இல்லை.

நாலாம் நாள் வாப்பா “பிஸ்மில்லாஹ்” என்று திறப்பைத் துவாரத்தில் போட்டுத் திருப்பினார்.

கிர்ர்... கிர்ர்... கிர்ர்...

பிளக்குகளைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் கிர்ர். பிறகு ஒரு போத்தலில் இருந்து கொஞ்சம் பெற்றோலை எஞ்சினின் மேல்வாயில் ஊற்றித் திருப்பினார்.

பட்! பட்! படபடபட!

“ஓடுது! ஓடுது!” என்று நான் கத்தி முடிக்கவில்லை, அது இருமி இருமி நின்றுவிட்டது. பின்னால் ஒரு கூடை வெள்ளைப் புகை.

ஐந்தாம் நாளும் அதே கதை. மேலே ஊற்றினால் படபட. பிறகு இருமல், புகை, அமைதி. வாப்பா பம்பைக் கழற்றிப் பூட்டினார். குழாயை ஊதிப் பார்த்தார். உம்மா மட்டும் மிளகாய் காயப்போடும் படங்கு விரிப்பை எடுத்துத் தூசு தட்டத் தொடங்கினார். ஜீப் நிற்கும் இடத்தில் விரிக்கத்தான் அது.

ஆறாம் நாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுதுவிட்டு வந்த வாப்பா மறுபடி வண்டியோடு மல்லுக்கட்டினார். நான் போத்தலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் இடது கையில் பெற்றோல் கொஞ்சம் சிந்தியது. சில்லென்று இருந்தது. பத்து எண்ணுவதற்குள் காய்ந்து போனது.

அதே நேரம் டேங்கில் இருந்து வரும் குழாய் என் வலது கையில் சொட்டியது. பத்து எண்ணினேன். இருபது எண்ணினேன். அறுபது எண்ணினேன். அது காயவே இல்லை. வழுவழுவென்று அப்படியே இருந்தது.

மேலே ஊற்றும் பெற்றோலில் எஞ்சின் ஓடுகிறது. டேங்கில் இருந்து வருவதைக் குடித்ததும் நிற்கிறது!

“வாப்பா! டேங்கில இரிக்கிறது மண்ணெண்ணெய்!”

நானா விழுந்து விழுந்து சிரித்தான். “பெற்றோல் ஜீப்புக்கு ஆராவது மண்ணெண்ணெய் ஊத்துவாங்களா? மணந்து பாத்தியா?”

மணந்து என்ன பயன்? எங்கள் படகுகளின் எஞ்சின் மண்ணெண்ணெயில்தான் ஓடும். வாப்பாவின் சட்டை, நானாவின் தலை, வீட்டுக் கதிரை, எல்லாம் அந்த மணம்தான். எங்கள் வீட்டுக்காரர்களின் மூக்கை நம்பி ஒன்றும் செய்ய முடியாது.

“அல்பிரட் அண்ணன் நாப்பது வருசமா வண்டி ஓட்டினவர், மகள். அப்படிச் செய்வாரா?” என்று சொல்லிவிட்டு வாப்பா பம்பை மறுபடி கழற்றப் போனார்.

அந்த நேரம் பார்த்து அல்பிரட் அங்கிளே வந்தார். கையில் இரண்டு பாரை மீன். மீனை உம்மாவிடம் கொடுத்துவிட்டு நேரே ஜீப்பிடம் போனார். அதன் மூக்கைத் தடவினார்.

வாப்பாவுக்கு முன்னால் கேட்டால் அங்கிளுக்கு வெட்கமாகப் போய்விடும் என்று எனக்குத் தோன்றியது. தேத்தண்ணீரைக் கொண்டுபோய்க் கொடுத்து, அவரைக் கிணற்றடிக்கு அழைத்துப் போனேன்.

“அங்கிள், படகு எஞ்சினுக்கு முதல்ல பெற்றோல் ஊத்தி ஸ்டார்ட் பண்ணிட்டு, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்துவாங்கதானே?”

“ஓம் பிள்ள. எங்கட படகெல்லாம் அப்படித்தான்.”

“ஜீப்பையும் அப்படி ஓட்டிப் பாத்தீங்களா? ஆருக்கும் அப்படி ஒரு யோசனை வரும்தானே?”

அல்பிரட் அங்கிள் கிணற்றுக் கட்டில் உட்கார்ந்தார்.

“பெற்றோல் இல்லாத காலம் வந்துதே, ஞாபகமா? நாலு நாள் வரிசையில நிண்டனான். கிடைக்கேல்ல. படகுக்கு ஒத்துவாறது ஜீப்புக்கு ஏன் ஒத்துவராது எண்டு நினைச்சு டேங்க் நிறைய ஊத்தினன். கொஞ்சத் தூரம் ஓடிச்சுது. பிறகு புகை. பிறகு...” அவர் குரல் இறங்கியது. “நான்தான் அதைக் கொன்னுபோட்டன், பிள்ள. வெட்கத்தில ஒருத்தருக்கும் சொல்லேல்ல. மனிசிக்குக் கூடச் சொல்லேல்ல.”

“நீங்க கொல்லல்ல, அங்கிள்! அதுக்கு வயிறுதான் சரியில்ல!” எனக்குச் சந்தோசத்தில் சத்தம் கூடிவிட்டது. உடனே குரலைத் தாழ்த்தினேன். “நான் வாப்பாக்கிட்டச் சொல்ல மாட்டன். பழசாப் போச்சு, டேங்கைக் கழுவுவம் எண்டு மட்டும் சொல்றன்.”

அல்பிரட் அங்கிள் என்னையே பார்த்தார். பிறகு தேத்தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார்.

“வேண்டாம் பிள்ள. நானே சொல்றன்,” என்று ஜீப்பை நோக்கி நடந்தார்.

அவர் சொன்னதைக் கேட்டு வாப்பா முதலில் வாயைப் பிளந்தார். பிறகு டேங்க் மூடியைத் திறந்து விரலைவிட்டுத் தேய்த்துப் பார்த்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

“சும்மா கிடைச்சதெண்டு அதை ஒரு சொட்டும் கொட்டாம வெச்சிருந்தனே! என்னைச் சொல்லோணும், அண்ணன்!”

சனிக்கிழமை விடிந்ததும் அல்பிரட் அங்கிள் மறுபடி வந்துவிட்டார். டேங்கை இறக்கிக் கழுவிக் காயவைத்துப் பூட்டினோம். புதுப் பெற்றோல் ஊற்றினோம். பிளக்குகளை நான்தான் துடைத்தேன். எல்லாம் முடிய ஒன்பது மணி ஆகிவிட்டது.

அப்போது உம்மாவின் தொலைபேசி அடித்தது.

“இரும்புக்காரன்ட லொறி தெரு முடக்கில மணல்ல புதைஞ்சு போச்சாம். தள்ளிவிட ஆக்கள் வரட்டாம்,” என்றார் உம்மா.

வாப்பா திறப்பைத் திருப்பினார். கிர்ர்... கிர்ர்... பட்! படபடபடபட!

நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம். இருமவில்லை. நிற்கவில்லை. ஜீப் முழு உடம்பும் நடுங்க, ஓடிக்கொண்டே இருந்தது!

“அந்தோனியாரே!” என்றார் அல்பிரட் அங்கிள். “மாஷா அல்லாஹ்!” என்றார் வாப்பா. நான் என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது.

“வாப்பா, முதல்ல அல்பிரட் அங்கிள் ஓட்டட்டுமே,” என்றேன்.

வாப்பா இறங்கி வழிவிட்டார். அங்கிள் உடனே ஏறவில்லை. நாலு டயரிலும் கொஞ்சம் காற்றைத் திறந்துவிட்டார். “மணலுக்கு டயர் கொஞ்சம் தட்டையா இருக்கோணும்,” என்றார். வாப்பா முன்னால் ஏறினார். நான் பின் சீட்டில் தாவினேன். ஆச்சரியம் என்னவென்றால், உம்மாவும் என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டார்!

“என்னத்துக்குப் பாக்கிறாய்? லொறியைக் கூப்பிட்டது நான்தானே. நான் போகாம ஆர் போறது?”

நானாவுக்கு இடமில்லை. கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் ஓடி வந்தான்.

முடக்கில் லொறி அச்சுவரை மணலில் இறங்கியிருந்தது. கயிற்றைக் கட்டினோம். அல்பிரட் அங்கிள் கியரை மாற்றினார். ஜீப் உறுமியது, குலுங்கியது, மணலை வாரி நானாவின் முகத்தில் இறைத்தது. லொறி ஓர் அங்குலம் அசைந்தது. பிறகு ஓர் அடி. பிறகு முனகிக்கொண்டே கெட்டியான தரைக்கு ஏறி வந்தது.

இரும்புக்காரர் ஓடி வந்தார். “நல்ல வண்டி! இது இல்லாட்டி நான் பின்னேரம்வரை இங்கதான் கிடந்திருப்பன்.” நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு எங்கள் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தார். “சரி, சுல்பா அக்கா, அந்த ஓடாத ஜீப் எங்க இரிக்கு?”

வாப்பா உம்மாவைப் பார்த்தார். அல்பிரட் அங்கிள் உம்மாவைப் பார்த்தார். நான் உம்மாவின் கையை இறுகப் பிடித்தேன்.

உம்மா முந்தானையை இழுத்துத் தலையில் சரி செய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“ஓடாத ஜீப்பா? அப்படி ஒண்டு எங்கட வீட்டில இல்லயே, தம்பி,” என்றார். பிறகு முன் சீட்டைத் தட்டினார். “நீங்க கடற்கரைக்கு விடுங்க, அல்பிரட் அண்ணன். கொஞ்சம் வேகமாவே போங்க.”