ஒன்பதாம் எண் பூட்டு

பசுவந்தனை விலக்கில் பஸ்ஸை விட்டு இறங்கி, என்னிடம் வேலை பார்க்கும் அஃப்ஜல் ஓட்டி வந்த ஜீப்பில் ஏறி, காற்றாலைக் கட்டுப்பாட்டு அறைக்கு வந்து சேர்ந்தபோது காலை ஒன்பது மணி. ஆடிக் காற்று கதவைத் திறக்கவிடாமல் தள்ளியது. நாற்காலியில் உட்காரக்கூட இல்லை, சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. அந்தச் சனியன்தான்.

அதற்குப் பெயர் ‘துணைவன்’. தலைமை அலுவலகம் எங்கள் சாட் குழுவில் கொண்டுவந்து சேர்த்த ஏஐ. கோபுரம் ஏறுகிறவர்கள் அனுப்பும் படம், குரல் பதிவு, அரைகுறைச் செய்தி எல்லாவற்றையும் படித்து, காலை ஒன்பதுக்கும் மாலை ஆறுக்கும் யார் எங்கே என்ன செய்தார் என்று சுத்தமான தமிழில் அப்டேட் போடும். இருபத்திரண்டு காற்றாடிகள், நான்கு ஆட்கள், ஒரு பொறுப்பாளர். பொறுப்பாளர் நான், ஜெயகிருஷ்ணன்.

நான்கு ஆட்களின் வரிகள் ஒழுங்காகத்தான் இருந்தன. ஐந்தாவதாக ஒரு வரி.

‘கோபுரம் 17: பூவனலிங்கம் ஏறியுள்ளார். பூட்டு எண் 9 தொங்குகிறது. இறங்கவில்லை.’

பூவனலிங்கம் இறந்து அன்றோடு இருபத்தாறு நாள். பதினேழாம் கோபுரத்தின் உச்சிக் கூண்டில்தான் இறந்தார். பசுவந்தனை சுடுகாட்டில் நானே கூட நின்று எரித்துவிட்டு வந்தேன்.

பத்து நாளாக இதே வரி. பத்து நாளாக நானும் சென்னை உதவி மையத்தோடு மாரடிக்கிறேன். புகார் எழுதினால் ‘தீர்க்கப்பட்டது’ என்று பதில் வரும், மறுநாள் காலை அந்த வரியும் வரும். அன்றைக்கும் போன் போட்டேன். கிருஷ்ணப்ரியா என்று ஒரு பெண். எவ்வளவு கத்தினாலும் குரல் உயராது. அதுவே எனக்கு இன்னும் எரிச்சல்.

“சார், குழுவுக்கு வர்றதைத்தான் துணைவன் சுருக்கிப் போடும். அதுவா எதையும் எழுதாது.”

“அப்போ செத்துப்போன ஆளைப் பத்தி யாரும்மா தினம் செய்தி அனுப்புதான்?”

தட்டச்சுச் சத்தம் கேட்டது. “தினமும் காலையில ஒரு படம் வந்திருக்கு சார். பூட்டுப் படம்.”

“யாரு போன்ல இருந்து?”

“அனுப்பினவர் பேர் வர்ற இடம் காலியா இருக்கு சார்.”

அவள் தொடர்ந்தாள். அந்த வரி இருக்கும்வரை பதினேழை ஓட்ட முடியாதாம். பன்னிரண்டு மணிக்குள் நான் சரிசெய்யாவிட்டால் விசாரணைக் குழு நாளை மறுபடி வருமாம்.

விசாரணைக் குழு மறுபடி வரக் கூடாது. அதற்குக் காரணம் எனக்கு மட்டும்தான் தெரியும்.

எங்கள் தொழிலில் ஒரே ஒரு சட்டம் இருக்கிறது. மேலே ஏறுகிறவன் கோபுரத்தின் அடியில் சுவிட்சை அணைத்து, அதன் கைப்பிடியில் தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்வான். பூட்டைப் படம் எடுத்துக் குழுவில் போடுவான். இறங்கி வந்து அவன் கையால் திறக்கும்வரை யாரும் அந்தக் காற்றாடியை ஓடவிட முடியாது. அடுத்தவன் பூட்டை எவனும் தொடக் கூடாது. 

பூவனலிங்கத்தின் பூட்டு ஒன்பதாம் எண்.

அவர் இறந்த அன்று மாலை ஆறு மணிக்குத் துணைவன் போட்ட அப்டேட், ‘அனைவரும் வேலை முடித்து இறங்கிவிட்டனர்’ என்றது. பூவனலிங்கத்தின் போனில் நெட் இல்லாமல் பூட்டுப் படமோ வேறு செய்தியோ குழுவுக்கு வரவே இல்லை, அதுவாக நிரப்பிவிட்டது என்று பிறகுதான் தெரிந்தது. நல்ல காற்று. பதினேழு ஏன் நிற்கிறது என்று சென்னையிலிருந்து போனுக்கு மேல் போன். நான் தனியாகப் போய்ப் பார்த்தேன். ஒன்பதாம் பூட்டு தொங்கியது. அவர் போனுக்கு அடித்தேன், எடுக்கவில்லை. திறக்க மறந்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார் மனுஷன் என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். கண்ணெதிரே தொங்கிய பூட்டை நம்பவில்லை, அப்டேட்டை நம்பினேன். பூட்டை கட்டரால் அறுத்துவிட்டு, குழுவில் ‘நேரில் பார்த்தேன், ஆள் இறங்கிவிட்டார்’ என்று ஒப்புதல் போட்டேன். சுவிட்சைத் தள்ளினேன்.

மேலே அவர் சுழல்தண்டுக்குக் கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தார்.

அறுத்த பூட்டை அருகில் இருந்த கரிசல் வெடிப்பில் போட்டேன். மழை காணாத கரிசலின் வெடிப்பு முழங்கை வரை கையை விழுங்கும். பூட்டு உள்ளே தட்டித் தட்டி இறங்கும் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. விசாரணையில், பூட்டே இல்லை என்று சொன்னேன். ‘இறந்தவரின் கவனக்குறைவு’ என்று அறிக்கை எழுதினார்கள்.

அவர் மனைவி இசக்கிசெல்வி காரியம் முடிந்த மறுநாளே வந்துவிட்டாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு சின்னச் சாவியைக் காட்டினாள். “அவிய பூட்டுப் போடாம ஏற மாட்டாவ அண்ணாச்சி. சட்டைப் பையில இருந்த சாவி இது. அப்போ பூட்டு எங்கன போச்சு? எம்பிள்ளைகிட்ட, ஒங்கப்பா அவர் தப்பாலதான் செத்தாருன்னு எப்படிச் சொல்லுதது?”

தெரியாது என்று சொல்லி அனுப்பினேன். என் வாழ்க்கையில் அதைவிடக் கேவலமான ஒரு சொல்லை நான் சொன்னதில்லை.

பதினொன்றரைக்கு அஃப்ஜலையும் கூட்டிக்கொண்டு பதினேழுக்குப் போனேன். உழுது போட்ட கரிசல் கண்ணுக்கு எட்டிய தூரம் கறுப்பாகக் கிடந்தது. நடு உச்சி வெயில், நிழல் காலுக்கடியில் ஒடுங்கியிருந்தது. சுற்றி எல்லாக் காற்றாடிகளும் சுற்ற, பதினேழு மட்டும் அசையாமல் நின்றது. இரும்புக் கதவைத் திறந்ததும் உள்ளிருந்து சூடும் கிரீஸ் நாற்றமும் முகத்தில் அடித்தன.

சுவிட்ச் கைப்பிடி காலியாக இருந்தது. பூட்டும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

படம் எடுத்துக் குழுவில் போட்டேன். துணைவன் உடனே பதில் போட்டது.

‘படத்தில் பூட்டு எண் 9 தெளிவாக உள்ளது. நன்றி.’

“நன்றியாம்லே, நன்றி!” என்று போனை ஓங்கினேன். அஃப்ஜல் படத்தை வாங்கிப் பார்த்தான். “வெறும் கைப்பிடிதான அண்ணாச்சி இருக்கு?” என்றான். இன்னொரு படம் போட்டேன். அதே பதில், அதே நன்றி. மணி பதினொன்று ஐம்பத்தைந்து.

பொறுப்பாளருக்கு மட்டும் ஒரு வழி உண்டு. படம் இல்லாமல் தன் பொறுப்பில் வரியை முடிக்கலாம். அதை மறுபடி எழுத இத்தனை நாள் எனக்கு மனம் வரவில்லை. அன்று போட்ட அதே சொற்களை மறுபடியும் தட்டினேன். ‘நேரில் பார்த்தேன், ஆள் இறங்கிவிட்டார்.’

அனுப்பினேன்.

மேலே எங்கோ ஒரு மூடி திறந்தது.

கோபுரத்துக்குள் நெட்டுக்குத்தாக இரும்பு ஏணி. நடுவில் மூன்று தட்டுகள், தட்டுக்கு ஒரு மூடி. இறங்குகிறவன் ஒவ்வொரு மூடியாகத் திறந்து மூடிக்கொண்டுதான் வர வேண்டும்.

டங்.

“மேல யாரு அண்ணாச்சி?” என்றான் அஃப்ஜல்.

“யாரும் இல்லலே.”

டக்... டக்... டக்... இடுப்புக் கொக்கி ஏணிப் படியில் தட்டும் சத்தம். அவசரமே இல்லாத கால்கள். பூவனலிங்கம் அப்படித்தான் இறங்குவார். சீக்கிரம் வாரும் என்று எத்தனை தடவை கீழே நின்று கத்தியிருப்பேன்.

இரண்டாவது மூடி.

ஏணி அதிர்ந்தது. கைவைத்துப் பார்த்த அஃப்ஜல் சுட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டான்.

மூன்றாவது மூடி, எங்கள் தலைக்கு மேலேயே திறந்தது. ஆள் இல்லை. உள்ளே கும்மிருட்டு.

கிராம்பு வாசனை இறங்கி வந்தது. பீடியை விட்ட நாளிலிருந்து அவர் வாயில் எந்நேரமும் கிராம்புதான்.

டக்.

டக்.

கடைசிப் படியில் சத்தம் நின்றது. என் முகத்தில் யாரோ மூச்சு விட்டார்கள்.

அஃப்ஜல் என் தோளைப் பிடித்துத் திருப்பினான். அவன் விரல் சுவிட்சைக் காட்டியது.

கைப்பிடியில் ஒன்பதாம் எண் பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. நான் அறுத்த வளையம் அறுபடாமல் முழுசாக இருந்தது. சாவித் துவாரத்தில் கரிசல் மண் அடைத்திருந்தது. ஒரு மாதமாக மழையே இல்லை, அந்த மண் ஈரமாக இருந்தது.

என் புத்தி அப்போதும் திருந்தவில்லை. பையில் இருந்த கட்டரை எடுத்தேன். அஃப்ஜல் என் கையைப் பிடித்தான்.

“அண்ணாச்சி... அன்னைக்கும் நீங்கதானா?”

அவனுக்கு நான் வேலை கற்றுக்கொடுத்தவன். அவன் பார்த்த பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. கட்டரைக் கீழே போட்டுவிட்டு அழுதேன். எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு இசக்கிசெல்விக்குப் போன் போட்டு, “சாவியை எடுத்துட்டு வாம்மா” என்றேன்.

மொபெட்டில் அரைமணியில் வந்துவிட்டாள். நடந்ததை அவளிடமும் சொன்னேன். என்னை அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பூட்டில் இருந்த மண்ணை முந்தானையால் துடைத்து, சாவியைப் போட்டுத் திருப்பினாள். எண்ணெய் போட்டதுபோல் திறந்தது.

ஏணியை அண்ணாந்து பார்த்தாள். “வாங்க, வீட்டுக்குப் போவோம்” என்றாள்.

பூட்டை முந்தானையில் முடிந்துகொண்டு புறப்பட்டாள். கிராம்பு வாசனை அவளோடு வெளியே போனது. மொபெட்டின் பின்பக்கம் ஒருமுறை அமுங்கி எழுந்ததை அஃப்ஜலும் பார்த்தான். 

அங்கேயே நின்று குழுவில் உண்மை முழுவதையும் எழுதினேன். பூட்டை அறுத்தது, வெடிப்பில் போட்டது, பொய் சொன்னது, எதையும் விடவில்லை. தலைமை அலுவலகத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள், யாராவது ஒருவர் என்னைத் திட்டியிருக்கலாம். துணைவன்தான் முந்தியது. ‘சுருக்கம்: பாதுகாப்பு நடைமுறை குறித்து ஜெயகிருஷ்ணன் கருத்துத் தெரிவித்தார்.’ பாறையில் போய் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

ஆறு மணி அப்டேட் வந்தபோது நான் கோவில்பட்டியில் என் வீட்டு முன்னறையில் உட்கார்ந்திருந்தேன்.

‘கோபுரம் 17: பூவனலிங்கம் இறங்கினார். பூட்டு எண் 9 உரியவரால் திறக்கப்பட்டது.’

அப்பாடா என்று மூச்சு விட்டேன். அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது.

‘கோபுரம் 17: ஜெயகிருஷ்ணன் ஏறியுள்ளார். பூட்டு எண் 1 தொங்குகிறது. இறங்கவில்லை. நேரில் பார்த்து ஒப்புதல்: பூவனலிங்கம்.’

ஒன்றாம் எண் பூட்டு என்னுடையது. எப்போதும் தோள்பை வாரில் மாட்டியிருக்கும். எட்டிப் பார்த்தேன். வாரில் இல்லை. சாவி மட்டும் சட்டைப் பையில் இருந்தது.

உதவி மையத்துக்குப் போன் போட்டேன். கிருஷ்ணப்ரியாதான் எடுத்தாள்.

“அம்மா, நான் இங்கன வீட்டுல இருக்கேன். உங்க துணைவன் நான் மேல இருக்கேன்னு போடுது. தயவுசெஞ்சு அந்த வரியை எடும்மா.”

“சார், கொஞ்சம் சத்தமா பேசுங்க,” என்றாள். “காத்துச் சத்தம் பயங்கரமா இருக்கு. நீங்க முதல்ல கீழ இறங்கி வந்துட்டுக் கூப்பிடுங்க சார்.”

முன்னறையில் ஜன்னல் சாத்தியிருந்தது. மின்விசிறி ஓடவில்லை.