ஏழாம் அறை வாசலில் ஒரு செம்பு

சிவகாசியில் எந்தச் சந்தில் நின்று புகைத்தாலும் அப்பாவின் காதுக்குப் போய்விடும். அதனால்தான் பிளஸ் டூ படிக்கும் மணிகண்டராஜ், ஞாயிற்றுக்கிழமை மதியம், ஏழாயிரம்பண்ணையில் அப்பாவின் பட்டாசுக் கம்பெனிக்கு வந்தான். அன்று லீவு. வாசலில் காவல்காரி செல்லத்தாய் மட்டும் இருந்தாள்.

"நெருப்பு ஒண்ணும் இல்லையே, தம்பி?"

"என்னையுமா தடவிப் பாக்கப் போறீக? நான் என்ன லோடுமேனா?"

அவள் சிரித்துவிட்டு, தன் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினாள். "வெயில்ல வந்திருக்கீக. வச்சுக்கிடுங்க. ஏழாம் ரூம் வாசல்ல செம்புல தண்ணி இருக்கு, தட்டி விட்டுராதீக. எங்க வீட்டுக்காரருக்கு வச்சது."

அவள் கணவர் பெத்தணன் அந்த அறையில்தான் வேலை பார்த்தார். பதினைந்து வயதில் தொட்ட பீடி, நாற்பதில் நுரையீரலை முடித்துவிட்டது. கடைசி மூன்று நாள் ஒரு வாய்த் தண்ணீர்கூட இறங்கவில்லை.

அதன்பின் அந்த அறை காலியாகவே கிடந்தது. நான்கு பக்கமும் கதவுகள். விபத்தென்றால் ஓட வேண்டுமே, எதற்கும் தாழ்ப்பாள் கிடையாது.

மணிகண்டராஜ் உள்ளே உட்கார்ந்து ஒரு சிகரெட்டைப் புகைத்து முடித்தான். கம்பெனித் தரையில் நெருப்பைப் போடக்கூடாது என்று பழகியவன். வாசலிலிருந்த செம்பை எடுத்து, அதில் முக்கி அணைத்தான்.

நான்கு கதவுகளும் ஒன்றாகச் சாத்திக்கொண்டன.

தள்ளினான். அசையவில்லை.

அடுத்த கதவு. அதுவும்.

பீடி வாசனை வந்தது.

முதுகுக்குப் பின்னால் யாரோ மூச்சை இழுத்தார்கள். நெடுக, நெடுக இழுத்தார்கள். அது வெளியே வரவேயில்லை. இவன் வாயைத் திறந்தான். காற்று உள்ளே போகவில்லை.

"தண்ணி…"

காதோரம்.

"ஒரு வாய், ஏலே…"

செம்பில் சாம்பல் மிதந்தது. அவன் தொண்டை எரிந்தது. பாட்டிலைத் திறந்தவன் குடிக்கவில்லை. செம்பைக் கொட்டிவிட்டு, அதில் ஊற்றி வைத்தான்.

"மன்னிச்சிருங்க, ஐயா."

ஒரு கதவு மெல்லத் திறந்தது.

மிச்ச சிகரெட்டையும் லைட்டரையும் செல்லத்தாய் கையில் கொடுத்து, நடந்ததைச் சொன்னான். அவள் திட்டவில்லை. போய்ச் செம்பை எடுத்துவந்து கவிழ்த்துக் காட்டினாள். ஒரு சொட்டு இல்லை.

"பத்து வருசமா வைக்கேன், தம்பி. இன்னைக்குத்தான் குடிச்சிருக்காரு." கண்ணைத் துடைத்துக்கொண்டு சாமி கும்பிட்டாள். "உங்க கை நல்ல கை."

அவன் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான்.

அவன் நெஞ்சுக்குள் இன்னொரு மூச்சு, இழுத்து இழுத்து ஓடிக்கொண்டிருந்தது.