கல் கேலரியில் பெரட்டு

இந்தக் காலத்தில் எதையும் இலவசமாகக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் ஜனங்களுக்கு மட்டு மரியாதை போய்விடுகிறது. கச்சேரி இலவசம் என்றதும் கூட்டம் கூட்டமாக வந்துவிடுகிறார்கள். வந்தவர்கள் பாட்டைக் கேட்கிறார்களா என்றால் அதுவும் கிடையாது. மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தன் மூஞ்சியைத் தானே போட்டோ எடுக்கிறார்கள். சோளக்கருதைக் கடித்துவிட்டுக் கட்டையை அடுத்தவன் காலடியில் போடுகிறார்கள். கிழடுகள் வந்தால் காலை மடக்கி வழிவிடக்கூட ஒருத்தனுக்கும் மனசில்லை.

இதையெல்லாம் வாய்விட்டே சொல்லிக்கொண்டு மனுவேல் கல்படிகளில் இறங்கினார். பின்னால் அவர் மனைவி ஜெஸிந்தா முழங்காலைப் பிடித்தபடி வந்தாள். டீ பேக்டரியில் அடுப்புக்கு விறகு தள்ளியே ஆயுசைக் கழித்தவர் அவர். அவள் அதே எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவள். பிள்ளை குட்டி கிடையாது. குன்னூருக்குக் கீழே ஒரு சின்ன வீட்டில் அவருக்கு அவள், அவளுக்கு அவர். தன் தங்கச்சி மகள் கெஸியா சர்ச் கொயரில் பாடுகிறாள் என்று அன்றைக்கு அவரை இழுத்துக்கொண்டு வந்தவளும் அவள்தான்.

கல் கேலரி வெள்ளைக்காரன் காலத்துக் கட்டு. மலைச்சரிவை அரைவட்டமாக வெட்டி, வரிசை வரிசையாகக் கல் பதித்து, அடியில் மேடை வைத்திருந்தார்கள். மேலே கற்பூர மரங்கள். கூரை கிடையாது. அதற்கு முந்தி அந்த இடம் பெரட்டுக் களமாக இருந்ததாம். பெரட்டு என்றால் விடியக்காலையில் எஸ்டேட் ஆட்களை நிறுத்தி, மேஸ்திரி பேர் கூப்பிடுவது. ஒரு மழைக்காலத்தில், பேர் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே மலை சரிந்து ஆட்களோடு களத்தை மூடிவிட்டது. துரை தோண்டிப் பார்க்கவில்லை. மேலேயே கல்லை அடுக்கி, பாண்டு வாத்தியம் கேட்க இடம் கட்டிக்கொண்டான். இப்படி ஒரு பேச்சு. மனுவேல் இதை நம்பியதே இல்லை. சாராயம் குடித்தவன் சொன்ன கதை என்பார்.

தோட்ட வேலை பார்க்கும் வெள்ளியங்கிரி மட்டும் அதை நம்பினான். மூடுபனி இறங்கினால் மேடையிலிருந்து யார் பேரையும் கூப்பிடக் கூடாது என்று மைக் பிடிக்கிறவர்களிடம் சொல்லிவைப்பான். அதுவரை எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். அன்றைக்கு மைக் பிடித்த அஸ்வந்த் சிரித்தான். பாடின பிள்ளைகளைப் பேர் சொல்லிப் பாராட்டாமல் எப்படி அனுப்புவது என்று கேட்டான். மனுவேல் தன் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு இளவட்டம் பேசியது சரி என்றார்.

பாட்டு முடிகிற நேரத்தில் பனி இறங்கியது.

கற்பூர மரங்கள் முதலில் போயின. அப்புறம் மேல் வரிசைகள். கைதட்டுகிற சத்தம் பஞ்சு அடைத்தாற்போல அமுங்கியது. அஸ்வந்த் ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். கெஸியாவின் பேரோடு மைக் செத்துப்போனது.

கூப்பிடுவது நிற்கவில்லை.

இது வேறு குரல். மைக் இல்லாத குரல். தொண்டையில் சளி கட்டின, அவசரமே இல்லாத ஆம்பளைக் குரல்.

"ராக்காயி."

கீழ் வரிசையிலிருந்து ஒரு பெண் தாழ்வாகச் சொன்னாள். "வந்தேனுங்க."

"சின்னப்பன்."

"வந்தேனுங்க."

பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்று மனுவேல் நினைத்தார். புதுமண் வாடை மூக்கில் ஏறியது. மழை பெய்திருக்கவில்லை.

"மாடத்தி."

பதில் இல்லை.

"மாடத்தி."

எஸ்டேட்டில் இருந்தவர்களுக்கு இது தெரியும். கூப்பிட்டுக் குரல் வராவிட்டால் அன்றைய வேலை போச்சு. அதனால் கைப்பிள்ளைக்காரி எவளாவது வரத் தாமதமானால், பக்கத்தில் நிற்கிறவள் அவளுக்காகக் குரல் கொடுப்பாள். ஜெஸிந்தா எத்தனையோ பேருக்கு அப்படிக் கொடுத்தவள். வேலையை விட்டு வருஷங்கள் ஆகியும் வாய் அந்தப் பழக்கத்தை விடவில்லை.

"வந்துட்டாளுங்க" என்றாள்.

சொன்ன பிறகுதான் தன் வாயைத் தானே பொத்தினாள்.

 பிறகு அந்தக் குரல், "முன்னால வரச் சொல்லு" என்றது.

ஜெஸிந்தா எழுந்தாள். முட்டி வலிக்காரி, பதினாறு வயசுக்காரி மாதிரி எழுந்தாள். மனுவேல் எட்டிப் பிடித்தார். சால்வை மட்டும் கையோடு வந்தது.

எதிரே பனி. அதற்குள் அவள் காலடிச் சத்தம் இறங்கிப் போனது.

"ஜெஸிந்தா" என்று கத்தினார்.

கத்தியிருக்கக் கூடாது. அது அவருக்கு அடுத்த நொடியே தெரிந்தது.

"ஜெஸிந்தா" என்று கீழேயிருந்து அந்தக் குரலும் கூப்பிட்டது.

"வந்தேனுங்க" என்றாள் அவள்.

கிழவர் உட்கார்ந்து உட்கார்ந்து, கல்லைத் தடவித் தடவி இறங்கினார். ஜனங்கள் எங்கே போனார்கள் என்று தெரியவில்லை. ஆனால் வரிசைகள் காலியாக இல்லை. தோளோடு தோள் இடித்து ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். இடுப்பில் சுற்றியிருந்த சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஒருவரும் திரும்பவில்லை. ஒவ்வொரு தோளாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு போனார். தொட்ட இடமெல்லாம் துணி சில்லிட்டிருந்தது. துணிக்கு அடியில் சதை இல்லை. ஈரமண் விரலுக்கு உதிர்ந்தது.

அவருக்குச் செபம் மறந்துபோனது. அருள் நிறைந்த என்று ஆரம்பித்தார். அடுத்தது வரவில்லை.

ஒரு தோள் சூடாக இருந்தது.

அவளுடைய கம்பளி ஸ்வெட்டர்தான். அக்குளில் கட்டிப் பிடித்துத் தூக்கினார். அசையவில்லை. குனிந்து தடவினார். கணுக்கால் வரைக்கும் மண்ணுக்குள் இருந்தது. கல் பாவிய தரையில் மண் எங்கிருந்து வந்தது என்று யோசிக்க அவருக்கு நேரமில்லை. நகம் பெயரப் பெயரத் தோண்டினார். தோண்டத் தோண்டச் சரிந்து மூடியது. முழங்காலுக்கு ஏறியது.

"உட்டுட்டு மேல போங்க" என்று அவள் கிசுகிசுத்தாள். "பேரு குடுத்துட்டனுங்க."

மனுவேல் எந்த மேஸ்திரியிடமும் கெஞ்சியவரில்லை. வேலை போனாலும் போகட்டும் என்று முறைத்துக்கொண்டு நின்றவர். இப்போது கண் தெரியாத பனியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஐயா, அவளுக்கு லீவு குடுங்க. முடியாதவளுங்க. இவ இல்லாட்டி எனக்கு யாருமில்லைங்க."

சொட்டுகிற சத்தத்துக்கு நடுவில் அந்தக் குரல் கேட்டது.

"பதில் ஆளு?"

"நான் வர்றனுங்க."

"பேரு?"

அவர் சொன்னார்.

மண் விட்டது.

பனி விலகியபோது அஸ்வந்த் மேடையில் நின்று, கரண்டு போனதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தான். ஜனங்கள் அங்கங்கே அவரவர் இடத்தில் இருந்தார்கள். கெஸியா ஓடிவந்து, பெரியம்மா காலில் ஏன் இத்தனை சேறு என்று கேட்டாள். ஜெஸிந்தாவுக்குப் பல் கிட்டிப்போயிருந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். நெஞ்சில் சளி, குளிர் தாக்கியிருக்கிறது என்றார் டாக்டர். மனுவேலும் அதையே பிடித்துக்கொண்டார். குளிர்தான். குளிரில் மூளை என்னத்தையாவது காட்டும். பனியில் ஒரு சத்தம் ஒன்பது இடத்திலிருந்து கேட்கும்.

அவள் தேறி வீட்டுக்கு வந்தாள். அந்தச் சாயங்காலத்தைப் பற்றி இருவரும் பேசவில்லை. ஒரு நாள் காலையில், பாயில் உட்கார்ந்து பால் விடாத வரட்டீயை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தவள் தலை நிமிராமல் கேட்டாள்.

"ஏனுங்க, எப்பப் போறீங்க?"

"எங்க போறது, புள்ள?"

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயிலில் மனுவேல் தனியாகக் கிளம்பினார். பட்டப்பகலில் நின்று பார்த்து, ஒன்றுமில்லை என்று வந்து அவளிடம் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அவள் அழுதே செத்துப்போவாள்.

அன்றைக்கும் இலவசக் கச்சேரி. வானத்தில் பொட்டு மேகமில்லை. கேலரி நிரம்பி, இடம் கிடைக்காதவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓரத்தில் நின்றார்கள். அவர் மேல்படியில் நின்று பார்த்தார். கீழ் வரிசையில், நடுவில், ஒரு ஆள் உட்காருகிற அளவுக்கு இடைவெளி இருந்தது. நிற்கிறவர்களில் ஒருவர்கூட அங்கே போகவில்லை.

இறங்கிப் போய்ப் பார்த்தார். வெயிலில் சுட்டுக்கிடந்த கல் வரிசையில் அந்த இடம் மட்டும் நனைந்திருந்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், வெளியூர்க்காரி, அவரைப் பார்த்து நகர்ந்துகொண்டாள்.

"வாங்கய்யா, உக்காருங்க. உங்களுக்குத்தான் எடம் வெச்சிருக்காங்க."

"யாரு?"

அவள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். குழம்பிப்போய், இத்தனை நேரம் மேஸ்திரி என்று சொல்லிக்கொண்டு ஒரு ஐயா இங்கேதான் இருந்தார், மனுவேல்னு ஒரு பெரியவர் வருவார், வேறு யாரையும் உட்கார விடாதே என்று சொன்னார் என்றாள்.

"அது நானில்லம்மா" என்றார் மனுவேல்.

கல்லுக்கு அடியில் எங்கேயோ பைப்பு உடைந்திருக்கும். பேரை வெள்ளியங்கிரி சொல்லிவைத்திருப்பான். அவனுக்கு வேறு வேலை என்ன. இப்படியே முனகிக்கொண்டு, கல்லைப் பார்க்காமல், ஆட்களைப் பார்க்காமல் படியேறி ரோட்டுக்கு வந்தார். வீட்டைப் பார்த்து நடந்தார். ஜெஸிந்தா கேட்டால் ஒன்றுமில்லை என்று சொல்ல வேண்டும். ஒன்றுமில்லைதான்.